அமெரிக்காவில் லாப நோக்கக் கல்லூரிகள், அரசுக் கடன், அங்கீகாரம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நியூ ஜெர்சியில் ஞாயிற்றுக்கிழமை தமிழ்ப் பள்ளி நடக்கும் இரண்டு மணி நேரமும் பெற்றோர்கள் உணவுக்கூடத்தில் உட்கார்ந்திருப்போம். நான் முன்பு ஒரு கம்யூனிட்டி காலேஜின் (இரண்டாண்டுப் படிப்புகள் நடத்தும் அரசுக் கல்லூரி) நிதி உதவி அலுவலகத்தில் வேலை பார்த்தவன் என்பது எப்படியோ பரவிவிட்டது. அன்றிலிருந்து யாராவது ஒருவர் பளபளப்பான கல்லூரிக் கையேடு ஒன்றைக் கொண்டுவந்து என் காபிக்குப் பக்கத்தில் வைப்பது வழக்கம். திரும்பத் திரும்ப வந்த கேள்விகளை அவர்கள் கேட்ட மாதிரியே கீழே எழுதியிருக்கிறேன்.

லாப நோக்கக் கல்லூரின்னா என்ன? நம்ம ஊர் சுயநிதிக் கல்லூரி மாதிரிதானே?

பார்க்க ஒன்றுபோல் இருக்கும், சட்டப்படி வேறு. இந்தியாவில் தனியார் கல்லூரியை அறக்கட்டளையோ சங்கமோ லாப நோக்கமற்ற கம்பெனியோதான் நடத்த வேண்டும், லாபத்தை யாரும் பங்கு போட்டுக்கொள்ளக் கூடாது என்பது ஏட்டில் உள்ள விதி. (நடைமுறை எப்படி என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.) அமெரிக்காவில் அந்த ஒளிவுமறைவே தேவையில்லை. கல்லூரியை ஒரு கம்பெனி வெளிப்படையாக நடத்தலாம், லாபம் முதலாளிக்கோ பங்குதாரருக்கோ போகலாம். சில கல்லூரிக் கம்பெனிகளின் பங்குகள் சந்தையிலேயே விற்பனையாகின்றன.

மருத்துவ உதவியாளர், கணினிப் பழுதுபார்ப்பு, முடி திருத்தம், வெல்டிங் போன்ற தொழில் படிப்புகள், வேலை பார்த்துக்கொண்டே படிக்கும் இணையவழிப் பட்டங்கள் ஆகியவைதான் இவர்களின் களம். 1976இல் தொடங்கிய ஃபீனிக்ஸ் பல்கலைக்கழகம் இவற்றில் மிகப் பிரபலமானது.

அரசாங்கம் எப்படிப் பணம் கொடுக்குது? காலேஜுக்கா, பிள்ளைக்கா?

கணக்கில் பிள்ளைக்கு, கையில் கல்லூரிக்கு. 1965ஆம் ஆண்டின் உயர்கல்விச் சட்டத்தில் நான்காவது பகுதி என்று ஒன்று உண்டு. 'டைட்டில் ஃபோர்' என்று எல்லோரும் சொல்வது அதைத்தான். மாணவர் ஃபாஃப்ஸா என்ற அரசு நிதி உதவி விண்ணப்பத்தை நிரப்புவார். குடும்ப வருமானத்தைப் பார்த்து பெல் கிராண்ட் என்ற உதவித்தொகையும் (2025-26இல் அதிகபட்சம் 7,395 டாலர்), அதற்கு மேல் கடனும் கிடைக்கும். பெல் கிராண்டைத் திருப்பிக் கட்ட வேண்டாம். கடனைக் கட்டியாக வேண்டும்.

இரண்டுமே முதலில் கல்லூரியின் கணக்குக்குப் போகும். கட்டணத்தைக் கழித்துக்கொண்டு மிச்சம் இருந்தால்தான் மாணவரிடம் வரும். ஆக, பணம் கல்லூரியிடம், கடன் பிள்ளையின் பேரில். கீழே வரும் தொல்லைகள் எல்லாவற்றுக்கும் வேர் இங்கேதான் இருக்கிறது.

நான் எச்-4ல இருக்கேன். எனக்குக் கிடைக்குமா?

கிடைக்காது. குடிமக்கள், கிரீன் கார்டு உள்ளவர்கள், அகதி நிலை பெற்றவர்கள் போன்ற சில பிரிவினருக்கு மட்டும்தான். எச்-1பி (வேலை விசா), எச்-4 (எச்-1பி உள்ளவரின் துணைவர், பிள்ளைகளுக்கான விசா), எஃப்-1 (மாணவர் விசா) யாருக்கும் இல்லை. 'உங்களுக்கும் எய்ட் (நிதி உதவி) வாங்கித் தருகிறோம்' என்று சேர்க்கை ஆள் சொன்னால், அது பெரும்பாலும் தனியார் கடனாக இருக்கும். அதற்கு இங்கே எழுதியிருக்கும் பாதுகாப்பு எதுவும் கிடையாது.

அங்கீகாரம் கொடுக்கிறது யாரு? கல்வித் துறைதானே?

இல்லை. நம் ஊரில் கல்லூரிகளுக்குத் தர மதிப்பீடு தரும் நாக் குழு, அரசின் பல்கலைக்கழக மானியக் குழுவான யுஜிசி உருவாக்கியது. அந்தப் பழக்கத்தில்தான் இந்தக் கேள்வி வருகிறது. அமெரிக்கக் கல்வித் துறை எந்தக் கல்லூரிக்கும் தர அங்கீகாரம் கொடுப்பதில்லை. அங்கீகாரம் கொடுப்பவை தனியார் அமைப்புகள். அந்த அமைப்புகளை 'இவர்கள் சொன்னால் நம்பலாம்' என்று ஏற்றுக்கொள்வது மட்டும்தான் கல்வித் துறையின் வேலை. அதற்கு ஆலோசனை சொல்ல 18 பேர் கொண்ட ஒரு குழுவும் உண்டு.

அரசுப் பணம் ஒரு கல்லூரிக்குப் போக மூன்று பேர் தலையசைக்க வேண்டும். கல்லூரி இருக்கும் மாநிலம் நடத்த அனுமதி தர வேண்டும். அங்கீகார அமைப்பு பாடத்தையும் ஆசிரியர்களையும் பார்த்துச் சரி என்று சொல்ல வேண்டும். கல்வித் துறை கணக்கு வழக்கைப் பார்த்து ஒப்பந்தம் போட வேண்டும். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. நடப்பில், மாநிலம் அங்கீகார அமைப்பைப் பார்க்கும், அங்கீகார அமைப்பு கல்வித் துறையைப் பார்க்கும், கல்வித் துறை 'அங்கீகாரம்தான் இருக்கிறதே' என்று சொல்லும். மூன்று மாமியார்கள் இருக்கும் வீட்டில் அடுப்பில் பால் பொங்கி வழிந்த கதைதான்.

தனியார் அமைப்புக்கு எப்படி இவ்வளவு அதிகாரம் போச்சு?

போர் வீரர்களால். 1944இல் இரண்டாம் உலகப் போரிலிருந்து திரும்புகிறவர்கள் படிக்க அரசு பணம் கொடுத்தது. அந்தப் பணத்துக்காகவே தொழிற்பள்ளிகள் புற்றீசல்போலக் கிளம்பின. பாடம் நடந்ததோ இல்லையோ, கட்டண ரசீது வந்தது. கொரியப் போர் வீரர்களுக்காக 1952இல் புதுச் சட்டம் வந்தபோது, நல்ல பள்ளியை அடையாளம் காண அரசு தானே ஒரு முறையை உருவாக்காமல், ஏற்கெனவே இருந்த அங்கீகாரச் சங்கங்களின் பட்டியலைப் பயன்படுத்திக்கொண்டது. கல்லூரிகள் தங்களுக்குள் தரம் பேசிக்கொள்ள வைத்திருந்த சங்கங்கள் அப்படித்தான் கஜானாவின் வாசற்காவலர்கள் ஆயின. 1972 திருத்தத்தில் லாப நோக்கக் கல்லூரிகளுக்கும் கதவு முழுசாகத் திறந்தது.

அரசே கடன் கொடுக்குதுன்னா அது நல்ல காலேஜ்தானே?

உணவுக்கூடத்தில் நான் அதிகம் கேட்ட கேள்வி இதுதான். பதில்: அப்படி எடுத்துக்கொள்ளக் கூடாது.

கலிஃபோர்னியாவின் கொரிந்தியன் கல்லூரிகளை எடுத்துக்கொள்ளுங்கள். எவரெஸ்ட், ஹீல்ட், வையோடெக் என்ற பெயர்களில் நூற்றுக்கும் மேற்பட்ட வளாகங்கள் இருந்தன. மாநில அனுமதி, அங்கீகாரம், அரசு ஒப்பந்தம் மூன்றும் இருந்தன. 2014இல் கல்வித் துறை கேட்ட வேலைவாய்ப்பு விவரங்களைத் தராததால் அரசுப் பணத்தை 21 நாள் தாமதித்துக் கொடுக்கப் போவதாகச் சொன்னார்கள். நிறுத்தவில்லை, வெறும் 21 நாள் தாமதம்தான். அதைக்கூடத் தாங்க முடியாமல் கம்பெனி ஆட்டம் கண்டது. பல வளாகங்களை விற்றார்கள். மிச்சமிருந்தவற்றை 2015 ஏப்ரலில் ஒரே நாளில் மூடினார்கள். சுமார் 16,000 மாணவர்கள் தெருவில் நின்றார்கள். ஏழு ஆண்டு கழித்து, 2022 ஜூனில், அங்கே படித்த 5,60,000 பேரின் 580 கோடி டாலர் கடனை அரசே ரத்து செய்தது. மூடும் நாள் வரை அதன் அங்கீகாரம் செல்லுபடியாகத்தான் இருந்தது.

அங்கீகார அமைப்புக்குச் சம்பளம் யார் கொடுக்கிறா?

கல்லூரிகள்தான். உறுப்பினர் கட்டணம், ஆய்வுக் கட்டணம் எல்லாம் அவர்கள் கொடுப்பதே. ஆய்வுக்கு வருகிறவர்களில் பலர் இன்னொரு உறுப்பினர் கல்லூரியில் வேலை பார்ப்பவர்கள். இன்று நான் உன்னைப் பார்க்கிறேன், அடுத்த வருடம் நீ என்னைப் பார். எல்லா அமைப்பும் இதனால் கெட்டுப்போகும் என்று சொல்ல மாட்டேன். கண்டிப்பானவையும் இருக்கின்றன. ஆனால் பெரிய உறுப்பினரை வெளியே தள்ளினால் வருமானம் போகும் என்ற கூச்சம் ஏற்பாட்டிலேயே இருக்கிறது.

இதற்கு உதாரணமாக எல்லோரும் சொல்வது ஏசிஐசிஎஸ் என்ற அமைப்பை. கொரிந்தியனின் பல வளாகங்களுக்கும், 2016 செப்டம்பரில் மூடிய ஐடிடி டெக் கல்லூரிகளுக்கும் அங்கீகாரம் தந்தது இதுதான். 2016 டிசம்பரில் ஒபாமா அரசு அதன் தகுதியைப் பறித்தது. வழக்கு நடந்து, 2018 நவம்பரில் டிரம்ப் அரசின் கல்வி அமைச்சர் பெட்ஸி டெவோஸ் திருப்பிக் கொடுத்தார். 2020 பிப்ரவரியில் யுஎஸ்ஏ டுடே செய்தியாளர்கள் தெற்கு டகோடாவில் இந்த அமைப்பின் அங்கீகாரம் பெற்ற ரீகன் நேஷனல் யூனிவர்சிட்டி என்ற ஒன்றைத் தேடிப் போனார்கள். மாணவரும் இல்லை, ஆசிரியரும் இல்லை. 2022 ஆகஸ்டில் தகுதி மறுபடி போனது. ஒரு காவலரைக் கேள்வி கேட்டு வெளியே அனுப்ப ஆறு வருடம் ஆகியிருக்கிறது.

ரீஜனல், நேஷனல்னு ரெண்டு அங்கீகாரம் சொல்றாங்களே? நேஷனல்தானே பெருசு?

பெயரைப் பார்த்தால் அப்படித்தான் தோன்றும், மதிப்பு நேர்மாறு. பழைய பல்கலைக்கழகங்கள், அரசுக் கல்லூரிகள் எல்லாம் ஏழு வட்டார அமைப்புகளின் கீழ் இருந்தன. தொழிற்பள்ளிகளும் பல லாப நோக்கக் கல்லூரிகளும் தேசிய அமைப்புகளின் கீழ். 2020 ஜூலையில் கல்வித் துறை இந்தப் பிரிவினையைச் சட்டப்படி எடுத்துவிட்டது. ஆனால் வேறு கல்லூரியில் வாங்கிய கிரெடிட்டுகளை (முடித்த பாடங்களுக்கான கணக்கு) ஏற்கும் அலுவலகங்களின் மனசிலிருந்து அது போகவில்லை.

எங்கள் தமிழ்ப் பள்ளியில் ஒரு அம்மா. கிரீன் கார்டு வந்த கையோடு, கடைத்தொகுதி ஒன்றின் மாடியில் இருந்த கல்லூரியில் மருத்துவ உதவியாளர் படிப்பில் சேர்ந்தார். முடித்தபின் நர்சிங் படிக்க கம்யூனிட்டி காலேஜுக்கு வந்தார். ஒரு கிரெடிட்டைக்கூட அவர்கள் ஏற்கவில்லை. சேர்க்கை ஒப்பந்தத்தைக் கொண்டுவந்து காட்டினார். ஐந்தாம் பக்கத்தில் சின்ன எழுத்தில், 'இங்கு பெற்ற கிரெடிட்டுகளை ஏற்பது பிற கல்லூரியின் விருப்பம்' என்று இருந்தது. அந்த வரிக்குப் பக்கத்தில் நீல மையில் அவருடைய இனிஷியல். கையேட்டின் அட்டையிலோ 'அங்கீகாரம் பெற்றது' என்று தங்க எழுத்து. இரண்டுமே உண்மை. அந்தக் கல்லூரி பொய் சொன்னது என்று என்னால் நிரூபிக்க முடியவில்லை.

ஆகவே, பிறகு எங்கே மாறப் போகிறீர்களோ அந்தக் கல்லூரிக்கு முதலில் போன் செய்யுங்கள். 'இவர்களுடைய கிரெடிட்டை ஏற்பீர்களா' என்று கேட்டு, பதிலை மின்னஞ்சலில் வாங்கிக்கொள்ளுங்கள். நர்சிங் என்றால் கல்லூரிக்கு அங்கீகாரம் இருந்தால் மட்டும் போதாது, அந்தப் படிப்புக்கு மாநில நர்சிங் வாரியத்தின் ஒப்புதலும் வேண்டும்.

90/10 விதின்னு கேள்விப்பட்டேன். அது என்ன?

லாப நோக்கக் கல்லூரிகளுக்கு மட்டுமான விதி. வருமானத்தில் 90 சதவீதத்துக்கு மேல் அரசுப் பணமாக இருக்கக் கூடாது. குறைந்தது பத்து சதவீதமாவது வேறு வழியில் வர வேண்டும். அரசு கண்ணை மூடிக் கொடுக்கும் பணம் இல்லாமல், சொந்தக் காசு போட்டும் சிலர் சேர்கிறார்கள் என்றால் படிப்புக்கு ஏதோ மதிப்பு இருக்கிறது என்ற எண்ணம். 1992இல் இது 85/15ஆக இருந்தது. 1998இல் தளர்த்தினார்கள். இரண்டு ஆண்டு தொடர்ந்து தவறினால் டைட்டில் ஃபோர் பணம் நின்றுபோகும்.

இதில் ஓட்டை ஒன்று இருந்தது. ராணுவத்தினரின் கல்விப் பணம் கல்வித் துறையிலிருந்து வராமல் வேறு துறையிலிருந்து வருவதால், அது 'அரசுப் பணம்' கணக்கில் சேரவில்லை. ஒரு படைவீரர் சேர்ந்தால், அவர் பணத்தைப் பத்துக்குள் காட்டி, இன்னும் ஒன்பது மடங்கு கடன் பணத்தைத் தொண்ணூறில் வாங்கலாம். ராணுவ முகாம்களைச் சுற்றி இந்தக் கல்லூரி ஆட்கள் ஏன் மொய்த்தார்கள் என்பது இப்போது புரியும். 2021 மார்ச் சட்டத்தில் ஓட்டையை அடைத்தார்கள். 2023இல் தொடங்கிய நிதியாண்டுகளிலிருந்து அது நடைமுறையில் இருக்கிறது.

படிச்சவங்க கடனைக் கட்டலைன்னா காலேஜுக்கு ஏதாவது ஆகுமா?

ஆகும். கடன் கட்டத் தொடங்கி மூன்று ஆண்டுக்குள் தவறியவர்கள் எத்தனை சதவீதம் என்று பார்ப்பார்கள். தொடர்ந்து மூன்று முறை 30 சதவீதம் தொட்டாலோ, ஒரே முறை 40ஐத் தாண்டினாலோ, அரசுக் கடன் நின்றுபோகலாம். இது எல்லா வகைக் கல்லூரிக்கும் பொருந்தும்.

இதையும் சமாளித்தார்கள். தவறப்போகிற முன்னாள் மாணவர்களுக்குப் போன் போட்டு, கடனைத் தற்காலிகமாகத் தள்ளிப்போடும் விண்ணப்பத்தை நிரப்ப வைத்தால் போதும். வட்டி ஏறிக்கொண்டே இருக்கும், ஆனால் 'தவறியவர்' பட்டியலில் பெயர் வராது. மூன்று ஆண்டு கழிந்துவிட்டால் கல்லூரிக்குக் கவலை இல்லை.

'எங்க மாணவர்களில் 90 சதவீதம் பேருக்கு வேலை'ன்னு போடறாங்க. அரசு சரிபார்த்துத்தானே போட விடும்?

முன்கூட்டி யாரும் சரிபார்ப்பதில்லை. தப்பு என்று பிடிபட்டால்தான் நடவடிக்கை. கொரிந்தியனின் ஹீல்ட் கல்லூரிகளில் வேலைவாய்ப்பு எண்ணிக்கையைத் திரித்துக் காட்டியதற்காக 2015 ஏப்ரலில் கல்வித் துறை மூன்று கோடி டாலர் அபராதம் அறிவித்தது. அதற்கு முந்தைய ஆண்டு நுகர்வோர் நிதிப் பாதுகாப்பு வாரியம் போட்ட வழக்கில் இன்னும் கூர்மையான குற்றச்சாட்டு இருந்தது: ஒரே ஒரு நாள் வேலையையும் 'பணி' என்று கணக்கில் எழுதினார்கள், தற்காலிகமாக ஆள் எடுக்கச் சொல்லி முதலாளிகளுக்குப் பணமும் கொடுத்தார்கள் என்று.

ஃபீனிக்ஸ் மீது வேறு மாதிரிப் புகார். மைக்ரோசாஃப்ட் போன்ற பெரிய கம்பெனிகளோடு சேர்ந்து வேலை வாங்கித் தருவதுபோல விளம்பரம் செய்தது என்று மத்திய வர்த்தக ஆணையம் குற்றம் சாட்டியது. தவறை ஒப்புக்கொள்ளாமலேயே 2019 டிசம்பரில் 19.1 கோடி டாலருக்குச் சமரசம் ஆனது. நீங்கள் சதவீதத்தைப் பார்த்தால் கேட்க வேண்டியது: எத்தனை பேரில், எந்த வேலை, எத்தனை நாள் நிலைத்தது?

சம்பளத்தை வச்சு படிப்பை நிறுத்துவாங்கன்னு ஒரு சட்டம் வந்துச்சே?

'கெயின்ஃபுல் எம்ப்ளாய்மென்ட்' விதி. படித்து முடித்தவர்களின் வருமானத்தோடு ஒப்பிட்டால் கடன் தவணை மிக அதிகமாக இருக்கும் படிப்புகளுக்கு அரசுப் பணம் கிடையாது என்பது சாரம். நல்ல யோசனைதான், ஆனால் ஆட்சி மாறினால் இதுவும் மாறும். 2011இல் வந்தது, 2012இல் நீதிமன்றம் முக்கியப் பகுதியை அடித்தது. 2014இல் திரும்ப எழுதினார்கள், 2019இல் ரத்து செய்தார்கள், 2023இல் மறுபடி கொண்டுவந்தார்கள். 2025 ஜூலையில் கையெழுத்தான புதுச் சட்டம், லாப நோக்கக் கல்லூரி, அரசுக் கல்லூரி என்று பாராமல் எல்லாக் கல்லூரிகளின் பட்டப் படிப்புகளுக்கும் ஒரு வருமானச் சோதனை வைத்திருக்கிறது. மூன்று ஆண்டில் இரண்டு ஆண்டு தவறும் படிப்புக்கு அரசுக் கடன் கிடைக்காது.

ஒரு தடவை நம்பர் கொடுத்தேன், தினமும் நாலு போன் வருது. கமிஷனுக்கா செய்யறாங்க?

ஆள் சேர்ப்பதற்குத் தலைக்கு இவ்வளவு என்று கமிஷன் கொடுப்பது 1992 முதல் சட்ட விரோதம். 2002இல் பன்னிரண்டு விதிவிலக்குகளை வைத்துத் தடையைச் சல்லடையாக்கினார்கள். 2011இல் அவற்றை நீக்கினார்கள். ஆனால் விற்பனை வேகம் குறையவில்லை. செனட்டர் டாம் ஹார்கின் குழு 30 கம்பெனிகளை ஆராய்ந்து 2012 ஜூலையில் கொடுத்த அறிக்கையின்படி, சேர்க்கை ஆட்கள் 35,202 பேர், வேலைவாய்ப்புப் பிரிவில் 3,512 பேர். விளம்பரத்துக்கும் ஆள் பிடிப்பதற்கும் செலவழித்தது வருமானத்தில் 22 சதவீதத்துக்கு மேல், பாடம் நடத்தச் செலவழித்தது 17 சதவீதம்.

போனில் 'உங்கள் வாழ்க்கையில் எது உறுத்துகிறது' என்று கனிவாகக் கேட்பார்கள். அந்த அறிக்கையில் வெளியான ஐடிடியின் பயிற்சித் தாள்களில் அதற்குப் பெயரே உண்டு: 'வலிப் புனல்'. வலிக்கிற இடத்தைக் கண்டுபிடித்து, அங்கேயே அழுத்தி, கையெழுத்து வாங்குவது. அன்றைக்கே கையெழுத்து கேட்டால் வீட்டில் பேசிவிட்டு வருகிறேன் என்று எழுந்துவிடுங்கள்.

படிச்சுக்கிட்டு இருக்கும்போதே காலேஜை மூடிட்டா கடன் என்ன ஆகும்?

மூடும்போது படித்துக்கொண்டிருந்தாலோ, அதற்கு 180 நாளுக்குள் விலகியிருந்தாலோ, அரசுக் கடனை ரத்து செய்யக் கேட்கலாம். வேறு கல்லூரியில் அதே படிப்பை முடிக்க ஏற்பாடு செய்திருந்தால், கையெழுத்துப் போடும் முன் யோசியுங்கள். அங்கே முடித்துவிட்டால் ரத்து கிடைக்காமல் போகலாம். எது லாபம் என்பது எத்தனை கிரெடிட் மிச்சம் என்பதைப் பொறுத்தது. பெல் கிராண்ட் வாங்கும் தகுதியில் அங்கே கழிந்த ஆண்டுகளைத் திரும்பத் தருவார்கள். தனியார் கடன் அப்படியே நிற்கும். மூடுவது தெரிந்த அன்றைக்கே மதிப்பெண் பட்டியலை வாங்கி வையுங்கள்.

மூடலை, ஆனா பொய் சொல்லிச் சேர்த்தாங்க. அப்போ?

அதற்கு 'பாரோயர் டிஃபென்ஸ்' என்ற தனி வழி. கல்லூரி ஏமாற்றியதைக் காட்டி அரசுக் கடனை ரத்து செய்யக் கேட்பது. கொரிந்தியனுக்கு முன் இதை யாரும் அதிகம் பயன்படுத்தவில்லை, பிறகு லட்சக்கணக்கில் குவிந்து ஆண்டுக்கணக்கில் கிடந்தது. கிடப்பில் போட்டதற்கு எதிராக மாணவர்கள் தொடுத்த, ஸ்வீட் என்பவர் பெயரிலான வழக்கில் 2022இல் சமரசம் ஏற்பட்டு, சுமார் இரண்டு லட்சம் பேருக்கு 600 கோடி டாலர் ரத்தானது. மேலே ஐந்தாம் பக்கக் கதை சொன்னேனே, அந்த அம்மாவுக்கு இந்த வழி உதவவில்லை. வாய்ச்சொல்லுக்குச் சாட்சி இல்லை, எழுத்தில் பொய் இல்லை. குறுஞ்செய்தி, மின்னஞ்சல் எதையும் அழிக்காதீர்கள் என்று சொல்வது இதனால்தான்.

'நாங்க இப்போ நான்-பிராஃபிட்'னு சொல்றாங்க. அப்போ பயமில்லைதானே?

இது கொஞ்சம் சிக்கல். லாப நோக்கம் என்ற முத்திரை போனால் 90/10 விதியும் போய்விடும், அவப்பெயரும் போய்விடும். லாப நோக்கத்தில் நடந்த கப்லான் பல்கலைக்கழகத்தைப் பர்டியூ என்ற அரசுப் பல்கலைக்கழகம் 2017இல் ஒரு டாலருக்கு வாங்க ஒப்பந்தம் போட்டது. இன்று அது பர்டியூ குளோபல். ஆனால் விளம்பரம், பின்னணிச் சேவைகளைக் கப்லான் கம்பெனியே நீண்டகால ஒப்பந்தத்தில் தொடர்ந்தது. ஆஷ்ஃபோர்டு என்ற லாப நோக்க இணையவழிப் பல்கலைக்கழகத்தை அரிசோனா பல்கலைக்கழகம் சார்ந்த அமைப்பு 2020இல் அதே ஒரு டாலருக்கு வாங்கியது. 2022இல் கலிஃபோர்னியா நீதிமன்றம், ஆஷ்ஃபோர்டு மாணவர்களை ஏமாற்றியது என்று தீர்ப்பளித்து 2.2 கோடி டாலருக்கு மேல் அபராதம் போட்டது. பெயர்ப்பலகையைப் பார்க்காமல், கட்டணத்தில் எத்தனை சதவீதம் பழைய கம்பெனிக்குப் போகிறது என்று பாருங்கள்.

ஊர்லேருந்து தங்கச்சி பையன் எஃப்-1ல வர்றான். எய்டே இல்லைன்னா இதெல்லாம் அவனுக்கு எதுக்கு?

அங்கீகாரம் அவனுக்கும் வேண்டும். அறிவியல், தொழில்நுட்பம் படித்தவர்களுக்குக் கிடைக்கும் 24 மாத ஓபிடி (படிப்பு முடிந்தபின் மாணவர் விசாவிலேயே வேலை பார்க்கும் அனுமதி) நீட்டிப்புக்கு, கல்வித் துறை ஏற்றுக்கொண்ட அமைப்பின் அங்கீகாரம் உள்ள கல்லூரிப் பட்டம் வேண்டும். ஏசிஐசிஎஸ் போனபோது அதன் கீழ் இருந்த வெளிநாட்டு மாணவர்கள் தவித்தது இதற்காகத்தான்.

விசாவுக்கான ஐ-20 படிவம் கொடுக்கும் அனுமதி வேறு, அங்கீகாரம் வேறு. கலிஃபோர்னியாவின் டிரை-வேலி யூனிவர்சிட்டிக்கு முதலாவது இருந்தது, இரண்டாவது இல்லை. 2011 ஜனவரியில் சோதனை நடந்தபோது அங்கே பதிவு செய்திருந்தவர்களில் பெரும்பாலோர் இந்தியர்கள், அதிலும் ஆந்திரப் பிள்ளைகள் ஏராளம். சிலர் காலில் கண்காணிப்புப் பட்டையைக் கட்டி அனுப்பினார்கள்.

அப்போ அங்கீகாரப் பட்டியல்ல பேர் இருக்கான்னு பார்த்தா போதும்தானே?

கல்வித் துறையின் இணையப் பட்டியலில் பாருங்கள், மாநில உயர்கல்வித் துறையிலும் பாருங்கள், 'காலேஜ் ஸ்கோர்கார்டு' தளத்தில் முடித்தவர்களின் வருமானத்தையும் பாருங்கள். அங்கீகார அமைப்பின் தளத்தை மட்டும் பார்த்து நிற்காதீர்கள்.

மிச்சிகனில் ஃபார்மிங்டன் யூனிவர்சிட்டி என்று ஒன்று. ஓர் அங்கீகார அமைப்பின் தளத்தில் அதன் பெயர் இருந்தது, ஐ-20 அனுமதியும் இருந்தது. ஆசிரியர் இல்லை, வகுப்பு இல்லை. விசா மோசடியைப் பிடிக்க அமெரிக்கக் குடியேற்றத் துறையே நடத்திய பொய்க் கல்லூரி அது. 2019 ஜனவரியில் உண்மை வெளியே வந்தது. பிடிபட்டவர்களில் ஏறக்குறைய எல்லோரும் இந்திய மாணவர்கள். படிக்காமல் தங்குவதற்காகத் தெரிந்தே சேர்ந்தார்கள் என்றது அரசு. தளத்தைப் பார்த்து நம்பிச் சேர்ந்தோம் என்றார்கள் மாணவர்கள். 12,500 டாலர் கட்டணம் கட்டிய ஒருவர், ஒப்பந்தத்தை மீறியதாக அமெரிக்க அரசு மீதே வழக்குப் போட்டார். கீழ் நீதிமன்றம் தள்ளுபடி செய்தது. வழக்கை நடத்தலாம் என்று மேல் முறையீட்டு நீதிமன்றம் 2024இல் சொன்னது.